பாலத்துக்கு முன்னால

"தட்டை நிலத்தில உமக்கேன் பிறேக்?" எண்டான்
வெல்டர் குகதாசன், கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி.
புது றெயிலர். பச்சை பெயின்ற் கையில ஒட்டுது.

சீமெந்துப் பையைக் கிழிச்சு எழுதினன்:
போட், எஞ்சின், ஐஸ்பெட்டி, வலை,
பிறகு வலை குடிச்ச தண்ணி.
கூட்டினா, சட்டம் விட்ட பாரத்துக்கு மேல
ஒரு ஆள் எடை.
"அந்த ஆளை இறக்கிவிடும்" எண்டு சிரிச்சான்.

வட்டுவாகல் பாலத்தில எதிர வாற பஸ்ஸுக்கு
என்ர பிக்கப் நிக்கும்.
பின்னால வாறது நிக்குமோ எண்டதை
பின்னால வாறதெல்லோ சொல்லவேணும்.
காசை எண்ணி, திருப்பிப் பொக்கற்றுக்குள்ள வைச்சன்.

மூண்டு கிழமை. கொழும்பால சாமான் வந்து
முணுமுணுத்துக்கொண்டு பூட்டினான்.

இண்டைக்குப் பாரம் ஏத்தி, அவனையும் ஏத்தி ஓடினன்.
முள்ளியவளை தாண்ட, றோட்டு நடுவில
எருமை ஒண்டு, எங்களைப் பாராமல்.
மிதிச்சன்.
கொழுவி "டக்" எண்டுது.
போட் ஒரு விரல் முன்னுக்கு வந்து
யோசிச்சு
நிண்டுது.

குகதாசன் இறங்கிச் சில்லைத் தொட்டான். சூடு.
"கடலுக்க இறக்கினா, கிணத்துத் தண்ணியால கழுவும்" எண்டான்,
வேறொண்டும் கதைக்கேல்லை.
எருமை இன்னும் விலகேல்லை.