அசல், நகல், கார்பன்

மேயோ ஹால் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில்
பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் எடுக்கிறேன்.
ஏ ஃபோர் தாளின் நீள அகலம்
கண்ணை மூடினாலும் கைக்குத் தெரியும்.
அதைவிடச் சின்ன இடத்தில்
ஒரு கோழி ஒன்றரை வருஷம் நின்றிருக்கும் என்று
நயாஸ் சொன்னபோது
ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

ஹென்னூர் ரோடு. விடிகாலை. தூறல்.
ஹொஸ்கோட்டேயிலிருந்து வந்த லாரியில்
மாடிமேல் மாடியாகக் கிரேட்டுகள்.
"லேயர் சார். முட்டை நின்னுபோன சரக்கு.
ரப்பர் மாதிரி இருக்கும், குக்கர்ல எட்டு விசில் விடணும்."
வெட்டாமல் கொடு என்றேன்.
முகத்தைப் பார்த்தான்.
பிறகு தராசில் வைத்தான்:
மூன்றும் சேர்த்து நாலு கிலோ முந்நூறு கிராம்.

தாள் வந்த அட்டைப்பெட்டியில்தான் கொண்டுபோனேன்.
ஈரம் படாமல் வைக்கவும் என்று
அதன் மேல் அச்சிட்டிருந்தது.

லிங்கராஜபுரத்து வீட்டுக்குப் பின்னால் இருப்பதைக்
கொல்லை என்றால் சிரிப்பார்கள்.
எட்டடிக்குப் பத்தடி.
சம்ப் மூடி, காலி சிலிண்டர்,
யாரையும் கேட்காமல் முளைத்த ஒரு பப்பாளி.
பெட்டியைச் சாய்த்தேன்.
வெளியே வரவில்லை.
வந்த பிறகும் நடக்கவில்லை.
கம்பியில் வளைந்து வளர்ந்த நகம்
மண்ணை எங்கே பிடிப்பதென்று தெரியாமல்
தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தது.
மூன்றும் ஒட்டி நின்றன,
இல்லாத கூண்டுக்குள்.

கிண்ணத்தில் வைத்த தண்ணீர் அவற்றுக்குத் தண்ணீராகப் படவில்லை.
அண்ணாந்து எதையோ தேடின.
சாயங்காலம் ஒன்று மட்டும்
ஒழுகும் குழாயின் பித்தளை மூக்கைக்
கொத்திக் கொத்திக் குடித்தது.
ஆறு மாதமாக ப்ளம்பரைக் கூப்பிடச் சொல்லும் ஜெசிந்தா
அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பெயர் வைத்தவளும் அவள்தான்.
எல்லாம் ஒரே வெள்ளை,
ஒரே பக்கம் சரிந்த வெளிறிய கொண்டை,
ஒரே மாதிரி மழுங்க அறுத்த அலகு.
அசல், நகல், கார்பன்.
எது எதுவென்று அவளுக்கே தெரியாது.

மாடியிலிருந்து சுமித்ராம்மா எட்டிப் பார்த்தார்.
"மொட்டெ எஷ்டு கொடுத்தெ?"
ஒன்றும் கொடுக்காது ஆன்ட்டி.
"மத்தே யாக்கே?"
எதற்கு என்பதற்குக் கன்னடத்தில் எனக்குப் பதில் வரவில்லை.
தமிழில் வந்ததா என்று கேட்காதீர்கள்.
முந்தின நாள்கூட கோர்ட் வாசல் பேக்கரியில்
முட்டை பஃப்ஸ் தின்றவன் நான்.

ஐந்தாம் நாள், ஞாயிறு, நல்ல வெயில்.
பப்பாளியடியில் ஒன்று விழுந்து துடித்தது.
ஒரு காலை இழுத்து, ஒரு சிறகை விரித்து,
கண் செருகி, கழுத்தை மண்ணில்
தேய்த்துத் தேய்த்து...
வலிப்பு என்று கத்தினேன்.
பூசைக்குக் கட்டிய சேலையோடு ஓடிவந்தாள் ஜெசிந்தா.
டாக்டர் வீடியோ காலில் பார்த்தார்.
சிரித்தார்.
"குளிக்குது சார்."

மண்ணே பார்த்திராத பிறவி.
இயந்திரத்தில் பொரிந்தது. கூட நடந்த தாய் கிடையாது.
புழுதியை அள்ளி இறகின் அடிவரை அனுப்பலாம் என்று
யார் சொன்னார்கள் அதற்கு?
சம்ப் மூடிமேல் உட்கார்ந்துவிட்டேன்.
மற்ற இரண்டும் கொஞ்சம் பார்த்தன.
தள்ளாடிப் போய்
அதே குழிக்குச் சண்டை போட்டன.

பத்தொன்பதாம் நாள் ஒன்று செத்தது.
வயிற்றுக்குள்ளேயே முட்டை உடைந்திருக்கும்,
இந்த ஜாதிக்கு இது சகஜம் என்றார் டாக்டர்.
எது போனது என்று கேட்டேன்.
"அசல்" என்றாள் ஜெசிந்தா, யோசிக்காமல்.
மண்வெட்டியை எடுத்தேன்.
ஒரு தாள் அளவு போதும் அந்த உடம்புக்கு.
கை கேட்கவில்லை,
அகலமாகவே வெட்டியது.

இன்று காலை என் ஆபீஸ் செருப்புக்குள் ஒரு முட்டை.
ஓடு தோல்போல மெத்தென்று,
விரல் பட்ட இடம் குழிந்தது.
நகலா கார்பனா, தெரியவில்லை.
இரண்டும் குழாயடியில் நின்றன,
ஒன்றன்பின் ஒன்றாக,
சொட்டுக்காக.

சுமித்ராம்மாவிடம் சொல்லவில்லை.
ப்ளம்பரையும் இன்னும் கூப்பிடவில்லை.