கொட்டலசு

காசிமேட்டில் படகைக் கரையேற்றினால்
எனக்குத்தான் முதல் போன்.
அடிப்பலகையில் ஒட்டியதைச் சுரண்டுவது என் வேலை.
ஆறு மாதக் கடல் அங்கே கட்டிவைத்த வீடுகளை
உளி வைத்து இடிப்பேன்.
கொட்டலசு லேசில் விடாது.
பிய்த்தால் பெயிண்டோடு வரும்,
சில சமயம் மரத்தின் சதையோடு.

அப்படிப்பட்ட நான்
ராயபுரம் மார்க்கெட்டுக்குப் பின்னால்
செருப்புக்கடை மாடியில்
பல் டாக்டர் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன்,
கரையேற்றிய படகாட்டம்.

தேசப்பன். நாற்பத்தொன்று.
"எத்தினி நாளா ரத்தம் வருது?"
துப்பினால் சிவப்பாக வருவதை
இத்தனை வருஷமும்
பாக்கு என்றே நினைத்திருந்தேன்.

டாக்டர் ஷப்னம் ஒரு மாத்திரை தந்தார்.
மென்று, கொப்பளித்து, கண்ணாடி பார்த்தால்
ஈறோரம் முழுக்க ஊதா.
கடைவாயில் இன்னும் கெட்டியாக,
நாவல்பழம் தின்ற பையன் மாதிரி.
"இன்னா டாக்டர் இது?"
"உங்க வாய்க்குள்ள இருக்கிற கிருமிங்கதான்.
கூட்டமா சேர்ந்து பல்லு மேல படலம் போட்டிருக்கு.
ஒரு நாளைக்கு எத்தனை டீ?"
"ஏழு. எட்டு."
"அந்தச் சர்க்கரைய அது தின்னுது.
தின்னுட்டு அமிலம் விடுது. அதுதான் பல்லை அரிக்குது.
துடைக்காம விட்டா, எச்சில்ல இருக்கிற சுண்ணாம்பு ஏறி
கொஞ்ச நாள்ல கல்லாயிடும்.
அப்புறம் பிரஷ்ஷுக்கு வராது."

வாயில் குழாயோடு சிரித்துவிட்டேன்.
வலிக்கிறதென்று அவர் கையை எடுத்தார்.

வலி இல்லை டாக்டர்.
புதுப் படகைத் தண்ணீரில் இறக்கினால்
முதலில் வருவது வழவழப்பு.
கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.
அதன் மேல் பாசி. பாசிக்குப் பின்னால் கொட்டலசு.
வழவழப்பு ஒரு துணிக்கு அடங்கும்.
கொட்டலசுக்கு நான் வரணும், என் கூலி வரணும்.

"தெரிஞ்சே ஏன் துடைக்கல?"
"படகு கடல்ல கெடக்குது, தெனம் யார் போயி தொடைப்பா?"
"வாய் உங்ககிட்டதானே கெடக்குது?"

அதற்குமேல் நான் பேசவில்லை.
இயந்திரம் பேசியது.
எலும்புக்குள் கொசு பாடுகிற மாதிரி.
கிண்ணத்தில் விழுந்தன, பழுப்பாய், அரிசிநொய் அளவில்,
என் கொட்டலசுகள்.

ஒன்று மட்டும் குத்தியது.
பல்லின் கழுத்தில் பள்ளம் இருக்கிறதாம்.
முரட்டு பிரஷ்ஷால் காலையில் ஒருதரம்
உளியாட்டம் இழுத்த இழுப்பு.
"பல்லு பலகை இல்லீங்க.
மெத்துனு பிரஷ், ஈறுல சாய்ச்சு வச்சு,
சின்னச் சின்ன வட்டம். ரெண்டு நிமிஷம்.
ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கட்டாயம்."
பல்லிடுக்குக்கு ஒரு நூல்.
"தங்கூசி எங்கிட்ட சுருள் சுருளா கீது."
"ஐயோ! அது ஈறை அறுத்துடும்.
இந்த நூலை வாங்குங்க."

எண்ணூறு ரூபாய்.
ஒரு படகின் அரைநாள்.

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு எதிரே ரயில் பாதை.
இரவு பத்தேகாலுக்கு மணலியிலிருந்து
டேங்கர் வண்டி ஊர்ந்து போகும்.
முதல் பெட்டிக்கு பிரஷ்ஷை வைப்பேன்,
கடைசிப் பெட்டிக்கு எடுப்பேன்.
வண்டி வராத இரவில்
மனதுக்குள் ஓட்டிக்கொள்வேன், நாற்பத்தெட்டு பெட்டி.
பவுனு பச்சைக் குடத்திலிருந்து
ஒரே ஒரு டம்ளர் மோந்து தருவாள்.
நாளை லாரி வருமோ வராதோ.
அந்த ஒரு டம்ளருக்குள்
என் வாய் முழுக்கக் கழுவ வேண்டும்.
முதல் வாரம் நூலில் ரத்தம்.
மூன்றாவது வாரம் நூல் வெறும் நூல்.

நேற்று மதியம், டீக்கு நடுவில்,
நாக்கால் பின்பல்லைத் தடவினேன்.
வந்துவிட்டது வழவழப்பு.
காலையில்தானே துடைத்தேன்!
கோபம் வரவில்லை.
கடல் தன் வேலையைப் பார்க்கிறது.
டீக்கடைக்காரரிடம்
"அடுத்ததுக்கு சர்க்கரை பாதி போடு" என்றேன்.
"இன்னா தேசப்பா, சுகரா?"
இல்லை என்று
பல்லைக் காட்டினேன்.