வினாடிக்கு எண்ணூறு முறை

தலைஞாயிறு டவருக்குக் கீழே
ஜீப்பின் பானட்டில் லேப்டாப்பை விரித்திருந்தேன்.
ஆவணி பிறந்துவிட்டது.
மேலே திறந்த தண்ணீர்
இங்கே இன்னும் வரவில்லை.

முறை வைத்துப் பேசுவது ஒரு ஏற்பாடு:
இந்த நொடி உனக்கு, அடுத்தது எனக்கு,
வாய்க்காலில் விடுவது மாதிரி.
அலைவரிசைக்கு வரப்புக் கட்டிப்
பங்கு பிரித்தவர்களும் உண்டு.
இந்த டவரில் வரப்பு இல்லை, முறை இல்லை.
வட்டிக் கணக்கும் வரன் விசாரிப்பும்
இறால் குட்டைக்காரரின் வசவும்
ஒரே அகலத்தில், ஒரே நொடியில்
ஒன்றின் மேல் ஒன்றாய்ப் பரந்து கிடக்கும்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு.
அது கையில் இருந்தால் பேச்சு,
இல்லாவிட்டால் மழை இரைச்சல்.

"எதுக்கும்மா பரப்பணும்?" என்றார் டிரைவர் சேக் தாவூது.
ஒரு மூட்டை விதையை ஒரே இடத்தில் கொட்டினால்
என்று ஆரம்பித்து
உவமை சரிவராமல் விட்டுவிட்டேன்.

அவுரிக்காட்டிலிருந்து கூப்பிடுகிற பக்கிரிசாமி
மூன்று நாளாகப்
பாதிச் சொல்லில் அறுந்துபோகிறார்.
புகார் அதுதான்.
தேடிப் போனால், டவரிலிருந்து கூப்பிடு தூரத்தில்
அரிசி ஆலை.
கணக்கர் மேசையில் ஒரு பழுதான போன்
"குறை, குறை" என்று டவர் கெஞ்சுவது கேட்காமல்
முழுத் தொண்டையில் கத்திக்கொண்டிருந்தது.
கணக்கர் வைரக்கண்ணு என்னவோ
மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் இருப்பவன் கிசுகிசுக்க வேண்டும்.
தூரத்தில் இருப்பவன் கத்தலாம்.
டவரின் வாசலுக்கு வரும்போது
எல்லாக் குரலும் ஒரே உயரம்.
அதற்காகத்தான் வினாடிக்கு எண்ணூறு முறை
ஏற்று, குறை, குறை, ஏற்று.
ஒருவன் கேட்காவிட்டால் போதும்,
கடைமடை வற்றிவிடும்.

பேட்டரியைக் கழற்றினேன்.
வைரக்கண்ணு ரசீது கேட்டார்.
திரையில் இரைச்சல் கோடு இறங்கியது;
அவுரிக்காட்டுக் குறியீடு மேலே வந்து
அறாமல் நின்றது
நான்கு நிமிடம் பதினொரு வினாடி.

என்ன பேசினார் என்று தெரியாது.
எனக்குத் தெரிவது உயரம் மட்டும்.
"லஸ்கரைக் கூப்பிட்டிருப்பார்,
வேற யாரை?" என்றார் சேக் தாவூது.
வண்டியைக் கிளப்பிவிட்டு, கொஞ்சம் பொறுத்து,
"இந்தப் பெட்டில ஒண்ணைக்
கல்லணையில வைக்க முடியாதாம்மா?"

பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்:
பழுது, மிக அருகில். நீக்கப்பட்டது.
அரிச்சந்திரா நதிப் பாலம் வந்தது.
கீழே, வெடித்த சேற்றில்
ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.