எட்டு மில்லிமீட்டர்

கீழ்த்தாடையைப் பின்னுக்கு
எட்டு மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும் என்றார் டாக்டர் ஷெரின்.
வீட்டுக்கு வந்து ஸ்கேலில் பார்த்தேன்.
ஒரு புளியங்கொட்டை அகலம்.
இதற்குத்தான் இருபத்தாறு வருஷம்
எல்லா போட்டோவிலும் குனிந்து நின்றிருக்கிறேன்.

முதலில் இரண்டு வருஷம் பல்லுக்குக் கம்பி.
"சரியாகிறதுக்கு முன்னாடி இன்னும் மோசமாத் தெரியும்" என்றார்கள்.
தெரிந்தது.
பெண் பார்க்க வந்த தாரமங்கலத்துக்காரர்கள்
காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.
மீதியை நான் குடித்தேன்.
எதிர்வீட்டு புஷ்பராணி சொன்னாள்:
"நல்லாத்தானே இருக்கே, என்ன, கொஞ்சம்…"
அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லுக்குப் பிறகு
யாரும் வாக்கியத்தை முடித்ததேயில்லை.

என் பற்களை மாவில் வார்த்து
மேசைமேல் அறுத்து, நகர்த்தி, ஒட்டிப் பார்த்தார்கள்.
வெள்ளை வெளேரென்று
யாரையோ பார்த்துச் சிரித்தபடி இருந்தது அது,
எனக்கு முன்பே குணமாகி.

அப்பா ஏற்காடு பஸ் ஓட்டுகிறார்.
இருபது கொண்டை ஊசி வளைவு, நாளைக்கு நாலு நடை.
அவருக்கும் இதே தாடை.
வளைவில் அதை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டுவார்,
பஸ் அதன் பின்னாலேயே திரும்பும்.
கையெழுத்துப் போட வந்தவர்
படிவத்தை மூன்று தரம் படித்தார்.
உதடு மரத்துப்போகலாம். சிலருக்கு நிரந்தரமாக.
பேனாவை மூடினார், திறந்தார்.
"எனக்கு இதனால ஒரு குறையும் வரலையே" என்றார்,
டாக்டரிடமா சுவரிடமா தெரியவில்லை.

முந்தைய நாள் சாயங்காலம்
அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட்.
ஒன்று, இரண்டு, நான்கு.
"யாராச்சும் துரத்துறாங்களா?" என்றார் கடைக்கார அக்கா.
நாளையிலிருந்து, என்றேன்.
நொறுங்கும் சத்தத்தைக்
காதுக்குள் சேர்த்துவைத்துக்கொண்டேன்.

கண் விழித்தபோது வாய் பூட்டியிருந்தது.
மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் ரப்பர் வளையங்கள்.
தலைமாட்டில் நூலில் தொங்கிய கத்தரிக்கோல்:
வாந்தி வந்தால் வெட்டு.
மூன்று ராத்திரியும் அதன் நூலைப்
பிடித்தபடியே தூங்கினேன்.

அடுத்த கட்டிலில் பர்வீன்.
கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் ஸ்கூட்டி சறுக்கி
உடைந்த தாடை.
விழுந்து உடைத்துக்கொண்டவளும்
காசு கொடுத்து உடைத்துக்கொண்டவளும்
ஒரே நோட்டில் எழுதிப் பேசினோம்.
'நீ வேணும்னேவா?' என்று எழுதினாள்.
'ஆமா.'
அதற்குக் கீழே ஒரு பொம்மை வரைந்தாள், தாடை இல்லாமல்.
மூக்கால் சிரித்ததில்
இரண்டு பேருக்கும் ரத்தம் வந்து
நர்ஸ் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

சிரிஞ்சில் ராகிக் கஞ்சி. சிரிஞ்சில் மோர்.
போயும் போயும் மே மாதம்.
வீடெல்லாம் மல்கோவா வாசனை,
அடுத்த அறையில் தம்பி கொட்டையைச் சப்பும் சத்தம்.
கீழுதடு என்னுடையதில்லை.
மோர் வழிந்து நைட்டியில் விழுந்த பிறகுதான்
கண் சொல்லும், வழிந்ததென்று.
போன்கூட என் முகத்துக்குத் திறக்கவில்லை.

பதினேழாம் நாள்
டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தார் அப்பா,
கையில் எண்ணெய் ஊறிய பொட்டலம்.
மிக்சி ஓடியது, நின்றது, ஓடியது.
தட்டுவடையைச் சட்னி, பீட்ரூட்டோடு அரைத்து
வெந்நீர் விட்டு வடிகட்டி
செங்கல் நிறத்தில் ஒரு டம்ளர்.
வாயில் வைக்க முடியவில்லை.
கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.
பார்த்துக்கொண்டிருந்தவர்
தன் தாடையைத் தடவியபடி கேட்டார்:
"வெட்டினதை எங்க போட்டாங்க?"
எழுதிக் காட்டினேன்:
'எங்கயும் போடலை. நகர்த்தி வெச்சிருக்காங்க. உள்ளதான் இருக்கு.'
தாளைக் கிழித்து நான்காக மடித்து
டிரிப் ஷீட்டோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது வாய்
ஏழு ஐஸ் குச்சி உயரத்துக்குத் திறக்கிறது.
தட்டுவடை செட்டுக்குப் பதினொன்று வேண்டும்,
அளந்து வைத்திருக்கிறேன்.
நேற்று ராத்திரி கீழுதட்டில் எறும்பு ஊர்ந்தது.
எழுந்து விளக்கைப் போட்டு
தலையணை, போர்வை எல்லாம் உதறிப் பார்த்தேன்.

எறும்பு இல்லை.