தலையில் நட்சத்திரக் குறி

கோபாலபுரம் கால்நடைச் சோதனைச் சாவடி.
இரவு இரண்டேகால்.
பொள்ளாச்சிச் சந்தை லாரியில் பதினெட்டு உருப்படி.
காதில் மஞ்சள் வில்லை இல்லாதது நாலு.
'புறப்பட்ட இடம்' என்ற கட்டத்துக்கு
பேச்சிமுத்து தலையைச் சொறிகிறான்:
"ஆந்திரான்னு போட்டுக்குங்க சார்.
அதுக்கு முன்னாடி எங்கேன்னு
மாட்டுக்குத்தான் தெரியும்."

நஸ்ரத் அழைக்கிறாள்.
பிரேமனில் மணி பத்தே முக்கால்.
ஏழாம் அறைக் கிழவர்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
பெற்ற மகன் பெயரையும் மறந்துவிட்டாராம்.
மாத்திரை தருகிறவள், தரை துடைக்கிறவன்,
ஜன்னலுக்கு வரும் புறா,
எல்லோரும் அவருக்கு 'ஷாட்ஸ்'.

"செல்லம்னு அர்த்தம். புதையல்னும் அர்த்தம்.
எங்கேயிருந்து வந்த வார்த்தைன்னு பாரேன்,
உனக்குத்தான் ராத்திரியில வேலையே இல்லையே."

லாரி போனபின் பார்த்தேன்.
டச்சுக்காரர்களும் செல்லத்தை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.
ஸ்வீடனில் அது 'ஸ்காட்': புதையல், வரி இரண்டும்.
மண்ணுக்குள் இருக்கும்வரை புதையல்,
வெளியே எடுத்தால் வரி போலும்.
பழைய இங்கிலாந்தில் பொடி வெள்ளிக்காசு.
ஃபிரீசியக் கரையில் மட்டும்
இன்னும் நாலு காலில் நின்று அசைபோடுகிறது,
'ஸ்கெட்': கால்நடை.

எல்லோருக்கும் மேலே, தாயின் இடத்தில்,
ஸ்கத்தஸ்.
தலையில் ஒரு நட்சத்திரக் குறி.
எழுதி வைத்தவர் எவரும் இல்லை,
பிள்ளைகளின் ஜாடையை வைத்து
வரைந்தெடுத்த முகம் என்று பொருளாம்.
அதற்கும் முன்னால்?
'தெரியவில்லை.'
என் பதிவேட்டில் இப்போது நான் எழுதிய அதே சொல்,
மை இன்னும் காயவில்லை.

மாடு முதலில் வந்ததா காசு முதலில் வந்ததா என்று
அங்கே அறிஞர்களுக்குள் வழக்கு.
மாடு என்றாலே செல்வம் என்று
நம் அகராதியிலும் ஒரு பக்கம் இருக்கிறது.
இந்த மேசையில் நேற்றுவரை
தலைக்கு இவ்வளவு என்று ரசீது கிழித்திருக்கிறேன்.
எந்தப் பசுவையும் நான்
செல்லம் என்று கூப்பிட்டதில்லை.

திருப்பி அழைத்தேன். கரகரத்தது.
"என்ன கண்ணு, தூங்கலையா?"
"கன்னா?
நான் என்ன உன் லாரியில வந்ததா?"

இந்தப் பக்கத்து மலையாளத்தில்
மாடும் எருமையும் கன்னுதான்.
ஏழாயிரம் கிலோமீட்டர் போனதில்
மூன்று சுழியில் ஒரு சுழி
எங்கேயோ உதிர்ந்திருக்கிறது.

சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"இன்னைக்கு அவர் ஷாட்ஸ்னு சொல்லலை.
என் பேரைச் சொன்னார்.
நசரெட்டுன்னு. தப்பாத்தான்.
இருந்தாலும் பேரு."

நான் கண்டுபிடித்ததையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன்.
எல்லைப் பக்கம் ஹாரன்.
"வை, வெளிச்சம் வருது" என்று டார்ச்சை எடுத்தேன்.
முதல் மாட்டின் காதைத் தூக்கிப் பார்த்தால்
வில்லை இல்லை.
நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி,
யாரோ குறி போட்டது போல.