அகப்பையில் ஒரு நெளிசல்

கல்யு சொல்லும்போது
கல்யு உட்கார்ந்திருக்கிறான், எண்டெல் நிற்கிறான்.
எண்டெல் சொல்லும்போது
நின்று கத்துகிறவன் கல்யு.
எங்கள் சவுனாவின் முன்னறையில்
இருப்பது ஒரே பெஞ்சு. அதிலும் அன்றைக்கு
அப்பாவின் கோட்டுகளைக் குவித்து வைத்திருந்தோம்.

அப்பாவைப் புதைத்த இரவு.
படகு யாருக்கு என்று பேச்சு.
செம்பு அகப்பையை வீசினான் என்கிறான் ஒருவன்.
கை நழுவியது என்கிறான் மற்றவன்.
பதினாறு வருஷம்.
முஹு தீவில் ரொட்டி வாங்க இருப்பதே ஒரு கடை,
வாசலில் ஒருவன் வண்டி நிற்கக் கண்டால்
மற்றவன் காற்றாலை வரை போய்த் திரும்பி வருகிறான்.

அகப்பை என்னிடம் இருக்கிறது.
விளிம்பில் ஒரு நெளிசல்.
அது அம்மா காலத்திலேயே இருந்திருக்கலாம்.

இருவரும் எனக்குத்தான் போன் செய்வார்கள்.
"நீயே பார்த்தாயே, உர்வே."
பார்த்தேன்தான்.
நீலக்கோடு போட்ட ஈரத்துண்டோடு
கதவருகே நின்றேன்,
"போதும், நிறுத்துங்கள்" என்றேன்,
யாரும் கேட்கவில்லை.

போன மார்ச்சில் எண்டெலின் மனைவி மைமு
மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே
நிமிராமல் சொன்னாள்:
"நீ எங்கே இருந்தாய்?
மறுநாள் ஆஸ்பத்திரி ட்யூட்டி என்று
கடைசி ஃபெர்ரிக்கு ஓடினாயே.
விர்த்சுவில் இறங்கி போன் செய்தாய்.
'படகைக் கல்யுவுக்கே விட்டுவிடு,
பாவம், அவனுக்கு வேறென்ன இருக்கிறது' என்றாய்.
உனக்குக் குரல் கொஞ்சம் பெரிசு.
பக்கத்திலிருந்த கல்யுவுக்கும் கேட்டது.
அதற்குப் பிறகுதான் எல்லாம்."

நான் சிரித்தேன். வேறு யாரையோ சொல்கிறாய் என்றேன்.
அவள் அடுத்த மீனை எடுத்தாள்.

அன்றிரவு முழுக்கத் தேடினேன்.
துண்டு இருந்தது, கதவு இருந்தது,
செம்பு உருண்ட சத்தம்கூட இருந்தது.
அந்த வாக்கியம் மட்டும்
என் குரலில் எங்குமே இல்லை.

விடியும் நேரத்தில் கிடைத்துவிட்டது:
ஃபெர்ரித் துறையின் மஞ்சள் விளக்கு,
கையுறைக்குள் விறைத்த விரல்,
பிறகு அந்த வார்த்தைகள், ஒன்று குறையாமல்.
கூடவே,
எவ்வளவு கனிவாகச் சொன்னேன் என்பதும்.

ஞாயிற்றுக்கிழமை கல்யு கூப்பிட்டான்.
"நான் உட்கார்ந்துதானே இருந்தேன்?" என்றான்.
ஆமாம் என்றேன்.