மூன்றாவது கை

அல்சூர் சந்தைக்குப் பின்சந்து, இரண்டாம் மாடி.
கடை வாடகை கட்ட முடியாமல்
மேசையோடு வீட்டுக்குள் ஏறிவந்த தொழில்:
செத்த மடிக்கணினிகளை எழுப்புவது.

பழுதுக் கூலிக்கு ஈடாக
ஒருத்தர் கூண்டோடு வைத்துவிட்டுப் போனார்,
நாளைக்கு வந்து மீட்டுக்கொள்கிறேன் என்று.
அது போன தீபாவளி.

மஞ்சள் உடம்பு, தலையில் தணல்.
ஒரு மாம்பழத்தின் கனம் இருக்காது.
வந்த அன்றே ரிமோட்டின் ரப்பர் பொத்தான்கள் போயின.
பிறகு சார்ஜர் வயர்,
சன்னல் கம்பியின் பழைய பெயின்ட்,
ரெஜினாவின் தோட்டுத் திருகு.
யாரோ ஒருவரின் விசைப்பலகையில்
என்டரை மட்டும் பிடுங்கியது.
எஸ்கேப்பைத் தொடவே இல்லை.

அதெல்லாம்கூடப் பொறுக்கலாம்.
அது உயிரை விட்டது ஈயக்கம்பிக்கு;
பற்றவைக்க நான் வாங்கும்
மினுங்கும் வெள்ளிநூலுக்கு.

"வேண்டாம்!" என்று கத்தினேன்.
தலையைச் சாய்த்துக் கேட்டது.
ஏற்கெனவே அதனிடம் ஒரு "பேடா" இருந்தது;
முந்தைய வீட்டின் சீதனம்.
இரண்டையும் கோத்துக்கொண்டது.
பேடா, வேண்டாம், பேடா, வேண்டாம்,
சொல்லிக்கொண்டே நடந்துவந்து கடிக்கும்.
அந்தப் பொருளுக்கு அதுதான் பெயர்
என்று நினைத்துவிட்டது.
பெயர் வைத்தவன் நான்தானே.

செருப்பை வீசினால் ஆடியது.
கத்தக் கத்தக் கச்சேரி.
மிளகாய்த்தூளைக் குழைத்துக் கம்பியில் தடவினேன்,
ரசித்து நக்கியது.
பறவை நாக்குக்குக் காரம் தெரியாதாம்.
அதே விரலைக் கண்ணில் வைத்துக்கொண்டு
அன்று இரவு அழுதவன் நான்.

ஒரு வியாழக்கிழமை
கூண்டின் தரையில் பந்தாக உப்பிக் கிடந்தது.
எச்சம் பச்சை மை.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.

காக்ஸ் டவுன் வரைக்கும் ஆட்டோவில்
ரெஜினாவின் துப்பட்டாவுக்குள் நடுங்கியது.
டாக்டர் நஸ்ரீன் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தார்:
எலும்புக்கூடு ஒரு சீப்பளவு,
அதன் வயிற்றில் கடுகாய் ஒரு வெள்ளைப் பொட்டு.

"இதை எங்க வெச்சிருப்பீங்க?"
"மேசைமேலதான்" என்றேன்.
"பல்லுல" என்றாள் ரெஜினா.

பதினேழு வருஷம்.
ஒரு கையில் சூட்டுக்கோல், மறு கையில் இடுக்கி,
கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை
ஆண்டவன் கொடுக்காததால் வாய்.
எதிரே உட்கார்ந்து அது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது,
தினமும், இவன் ருசிப்பதை.

டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
கிளிக்கு ஊசி எழுதிய சீட்டைத் திருப்பி
பின்பக்கத்தில் என் பெயரைக் கேட்டு எழுதினார்.
"நீங்களும் ரத்தம் பாருங்க.
மனுஷ டாக்டர்கிட்ட."

ஒன்பது ஊசிக்குப் பிறகு கடுகு கரைந்தது.

இப்போது சூட்டுக்கோல் பால்கனியில், கதவு சாத்தி.
ஈயம் மூடி போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலில்.
கம்பியைப் பிடித்துக்கொள்ள
எஸ்.பி. ரோட்டில் நானூறு ரூபாய்க்கு ஒரு இரும்புக் கொக்கு.
வயர் பக்கம் போனால் நான் கத்துவதில்லை.
முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு
முருங்கைக் குச்சியை நீட்டி,
மெதுவாக, "இந்தா."
சில நாள் சோளக் கட்டை.
வயரைப் பார்க்கும், குச்சியைப் பார்க்கும்,
பஞ்சாயத்து ரொம்ப நேரம் நடக்கும்.
பத்துக்கு ஏழு தடவை குச்சி ஜெயிக்கிறது.
"இந்தா" மட்டும் இன்னும் அதன் வாயில் வரவில்லை.

என் பல்தான் சொன்னபடி கேட்கவில்லை.
வேலையில் உட்கார்ந்தால் எதையோ தேடுகிறது.
அதனால் எனக்கும் ஒரு முருங்கைக் குச்சி.

நேற்று ஹெப்பாலிலிருந்து ஒருவர்,
சரியாகிவிட்ட மடிக்கணினியைத் திறந்து மூடிப் பார்த்தார்.
மேசைக்கு இந்தப் பக்கம் நான் மெல்லுகிறேன்,
என் தோளில் அது மெல்லுகிறது.
பர்ஸை எடுத்து "எஷ்டாய்த்து?" என்றார்.

"பேடா" என்றது.

நான் குச்சியைத் துப்புவதற்குள்
கைகூப்பிவிட்டுப்
படியிறங்கிப் போய்விட்டார்.